மஸ்ட், ஷுட், ஹேவ் டு: லாட்ஜ் வரவேற்பில் நிற்கும் தம்பிக்கு

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெரியவருக்கு ‘யூ மஸ்ட் வெகேட் தி ரூம் பை டென்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பெரியவர் முகம் சிவக்கக் கீழே இறங்கி வந்து, நான் என்ன வாடகை பாக்கியா வைத்திருக்கிறேன், ஏன் விரட்டுகிறாய் என்று கேட்டிருக்கிறார். அதே வாரம் இன்னொரு குடும்பத்திடம், அட்வான்ஸ் தேவையில்லை என்று சொல்ல நினைத்து ‘யூ மஸ்ட் நாட் பே அட்வான்ஸ்’ என்றாராம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஏன், கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பியின் கேள்வி: மஸ்ட், ஷுட், ஹேவ் டு மூன்றுக்கும் தமிழில் ‘வேண்டும்’ என்றுதானே அர்த்தம்? எதை எங்கே போடுவது? கேன், குட் (could), மே மூன்றில் எது மரியாதை?

தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. நாங்கள்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தோம். குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் 28 வருடம் ஆங்கில இலக்கணம் நடத்தியவள் நான். கரும்பலகையில் மஸ்ட் என்று எழுதி, சமக்குறி போட்டு, ‘வேண்டும்’ என்று எழுதுவேன். அதற்குக் கீழே ஷுட், அதுவும் ‘வேண்டும்’. ஹேவ் டு, அதுவும் அதுவே. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். வேலைக்குப் போய், எதிரே ஒரு மனிதர் நிற்கும்போதுதான் அந்தச் சமக்குறி பொய் என்று தெரியும்.

நானே அதில் விழுந்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்கை கல்யாணத்துக்காகத் தலைமையாசிரியைக்கு ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதினேன். ‘யூ மஸ்ட் கிராண்ட் மீ த்ரீ டேஸ் லீவ்.’ மனதுக்குள் நினைத்தது ‘மூன்று நாள் லீவு கொடுக்கணும் மேடம்’ என்றுதான். அவர் சிவப்பு மையில் மஸ்டைச் சுழித்துவிட்டு, ‘நான் உனக்கு ஹெச்.எம்.மா, நீ எனக்கு ஹெச்.எம்.மா?’ என்றார். லீவு கிடைத்தது. அந்தச் சுழி மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

சரி, ‘கொடுக்கணும் மேடம்’ என்பது தமிழில் ஏன் உறுத்தவில்லை? தமிழில் மரியாதையை ‘ணும்’ சுமப்பதில்லை. அதைச் சுமக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ‘ங்க’ இருக்கிறது, ‘கொஞ்சம்’ இருக்கிறது, ‘சார்’, ‘ஐயா’ இருக்கிறது, குரலை இழுப்பது இருக்கிறது. ‘பத்து மணிக்குள்ள கொஞ்சம் காலி பண்ணிக் கொடுக்கணும் ஐயா’ என்று நீங்கள் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ங்க’ கிடையாது. தாத்தாவுக்கும் ‘யூ’தான், தெருவில் பந்து விளையாடும் பையனுக்கும் ‘யூ’தான். அதனால் பாரம் முழுக்க அந்தக் குட்டி வினைச்சொல்லின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மஸ்டா, ஷுடா, ஹேவ் டுவா என்பதிலேயே நீங்கள் யார், அவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும்.

மூன்றையும் பிரிக்க நான் கடைசி சில வருடம் வகுப்பில் வைத்துக்கொண்ட வழியைச் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பதல்ல, ஆனால் வேலை செய்கிறது. ‘வேண்டும்’ என்ற சொல்லுக்குள் ‘வேண்டு’ இருக்கிறது. கோயிலில் வேண்டிக்கொள்கிறோமே, அதே வேண்டு. எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் ஆசைப்படுவது நான். நம்ம பக்கத்துப் பேச்சில் அது ‘வோணும்’ என்று உருண்டு கிடந்தாலும் உள்ளே இருப்பது ஒருவருடைய விருப்பம்தான். ‘நீங்கள் அறையைக் காலி செய்ய வேண்டும்’ என்னும்போது அந்த விருப்பம் யாருடையது? தமிழ் அதைச் சொல்வதில்லை. ஆங்கிலம் சொல்லியே தீரும். ஆகவே ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன் உங்களையே கேளுங்கள்: இது யாருடைய வேண்டும்?

பேசுகிற என்னுடைய ‘வேண்டும்’ என்றால் மஸ்ட். நான் விரும்புகிறேன், உன்னைச் செய்யச் சொல்லும் இடத்தில் நான் இருக்கிறேன் என்பது அதன் அடிக்குரல். அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், மருத்துவர் நோயாளியிடம் சொல்லலாம். ஒருவர் தனக்குத் தானேயும் சொல்லிக்கொள்ளலாம்: ‘ஐ மஸ்ட் கால் மை மதர்.’ என்னை யாரும் வற்புறுத்தவில்லை, என் மனசுதான் சொல்கிறது.

வெளியிலிருந்து வரும் ‘வேண்டும்’ என்றால் ஹேவ் டு. சட்டம், ரயில் நேரம், முதலாளி, மழை எதுவாகவும் இருக்கலாம், நான் வெறும் செய்தி சொல்பவன். உங்கள் தொழிலிலேயே நல்ல உதாரணம் உண்டு. வங்கதேசத்திலிருந்து வருபவர்கள் தங்கினால், ஃபார்ம் சி என்று சொல்லிப் பழகிய வெளிநாட்டவர் விவரப் படிவத்தைப் பதிய வேண்டும், அதுவும் வந்த 24 மணி நேரத்துக்குள். அது உங்கள் ஆசையல்ல, அரசு விதி. அங்கே ‘யூ மஸ்ட் கிவ் மீ யுவர் பாஸ்போர்ட்’ என்றால் நீங்கள் போலீஸ்காரர் மாதிரி ஆகிவிடுவீர்கள். ‘வீ ஹேவ் டு ஃபில் அப் ஃபார்ம் சி, ஸோ ஐ நீட் டு சீ யுவர் பாஸ்போர்ட்’ என்றால் இரண்டு பேரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆகிறீர்கள். ‘நாங்களும் செஞ்சுதான் ஆகணும் சார்’ என்று தமிழில் கையை விரிப்போமே, அந்த விரிப்பு ஹேவ் டுவில் இருக்கிறது. ‘ஆகணும்’ போட்டுச் சொல்லிப் பார்த்து வாக்கியம் இயல்பாக நின்றால் பெரும்பாலும் ஹேவ் டு பொருந்தும்.

கேட்பவருடைய நன்மைக்கான ‘வேண்டும்’ என்றால் ஷுட். செய்தால் உனக்கு நல்லது, செய்யாவிட்டால் உன் பாடு. முடிவு அவர் கையில். ‘யூ ஷுட் டிரிங்க் பாயில்ட் வாட்டர்’ என்று நீங்கள் சொன்னால் அவர் கேட்கலாம், விடலாம். ஆட் டு (ought to) என்று ஒன்று புத்தகத்தில் ஷுடுக்குப் பக்கத்தில் நிற்கும். படித்தால் புரிந்தால் போதும், பேச்சில் தேடிப் பிடித்துப் போடாதீர்கள்.

இந்தக் கோடு எல்லா இடத்திலும் கத்தியால் வெட்டியது போல் நேராக இருக்காது. அமெரிக்கர்கள் அன்றாடப் பேச்சில் கட்டளைக்கு மஸ்டை அதிகம் எடுப்பதே இல்லை, ஹேவ் டுவையும் நீட் டுவையும் வைத்தே ஓட்டிவிடுவார்கள். எழுதி ஒட்டிய விதிகளில் மஸ்ட் சர்வ சாதாரணம்: ‘விசிட்டர்ஸ் மஸ்ட் சைன் தி ரிஜிஸ்டர்’ என்ற பலகை யாரையும் புண்படுத்தாது. அங்கே பேசுவது நிர்வாகம், கேட்பது ஊர் முழுக்க. அதே வாக்கியத்தை ஒரு மனிதர் முகத்துக்கு நேரே ‘யூ’ போட்டுச் சொல்லும்போதுதான் சுடுகிறது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியில் நடந்தது அதுதான். பலகையில் எழுத வேண்டியதை ஒருவர் கைபேசிக்கு அனுப்பிவிட்டீர்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. அதே பெரியவரிடம் ‘யூ மஸ்ட் ட்ரை ஆம்பூர் பிரியாணி’ என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். மஸ்ட் அதே மஸ்ட்தான், விருப்பமும் உங்களுடையதுதான். ஆனால் லாபம் அவருக்கு. சீரகச் சம்பா அரிசியும் கத்திரிக்காய்த் தொக்கும் அவர் வயிற்றுக்குத்தானே போகிறது! கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது ‘குடும்பத்தோட கண்டிப்பா வரணும்’ என்று அதட்டுகிறோம், யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? உபசாரத்தில் அதட்டல்தான் மரியாதை. ‘யூ ஷுட் கம் டு மை சிஸ்டர்ஸ் வெட்டிங்’ என்று மென்மையாகச் சொன்னால், வந்தால் உனக்கு நல்லது என்கிற மாதிரி கொஞ்சம் சப்பென்று இருக்கும். அங்கே ‘யூ மஸ்ட் கம்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

அடுத்து உங்கள் இரண்டாவது விபத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான்.

தமிழில் ‘வேண்டாம்’ என்ற சொல் இரட்டை வேலை பார்க்கிறது. ‘அங்கே போக வேண்டாம், நாய் இருக்கு’ என்றால் தடுக்கிறோம். ‘நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், லீவு’ என்றால் விடுவிக்கிறோம். முதலாவதில் போனால் கடிபடுவாய். இரண்டாவதில் வந்தாலும் யாரும் அடிக்கப் போவதில்லை. ‘வேணாம்’ என்று நாம் சொல்லும்போது எது என்பதைச் சூழ்நிலை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. தடுப்பது மஸ்ட் நாட். விடுவிப்பது டோன்ட் ஹேவ் டு, அல்லது டோன்ட் நீட் டு, அல்லது எழுத்தில் நீட் நாட்.

ஹேவ் டுவும் மஸ்டும் நேர்வாக்கியத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருந்துவிட்டு, எதிர்மறைக்கு வந்ததும் எதிரும் புதிருமாக ஏன் நிற்க வேண்டும்? ‘நாட்’ எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். ‘யூ மஸ்ட் நாட் பே’ என்பதில் அது பணம் கொடுப்பதன் மேல் விழுகிறது; மஸ்ட் அசையாமல் அப்படியே நிற்கிறது. கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். ‘யூ டோன்ட் ஹேவ் டு பே’ என்பதில் இல்லை என்பது ஹேவ் டு மேலேயே விழுந்து கட்டாயத்தைத் தூக்கிவிடுகிறது. கொடுக்க வேண்டியதில்லை. தமிழில் இந்த இரண்டு அமைப்புமே இருக்கின்றன பாருங்கள்: ‘கொடுக்காமல் இருக்க வேண்டும்’, ‘கொடுக்க வேண்டியதில்லை’. ‘வேண்டாம்’ என்ற குறுக்கு வழி கிடைத்ததால் நாம் இவற்றை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே ‘வேண்டாம்’ என்று நாக்கின் நுனிக்கு வரும்போது அதை விழுங்கிவிட்டு, ‘கூடாது’ போட்டுப் பாருங்கள், ‘தேவையில்லை’ போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பதா, தேவையில்லை என்பதா? தேவையில்லை. அப்படியானால் ‘யூ டோன்ட் ஹேவ் டு பே எனி அட்வான்ஸ்’. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ‘வெறும் வயிற்றில் வர வேண்டாம்’ என்பதை மஸ்ட் நாட் போட்டுச் சொன்னால் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஆகிவிடும். டோன்ட் ஹேவ் டு போட்டால் எப்படி வந்தாலும் சரி. ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு ‘வேண்டாம்’ இப்படி இரண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகப் பிடிப்பார்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவில், தகவல் கேட்பவர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு விதி உண்டு. ஆங்கிலத்தில் அது ‘ஷால் நாட் பி ரிக்வயர்ட் டு கிவ்’ என்று போகும். வெறுமனே ‘ஷால் நாட் கிவ்’ என்று எழுதியிருந்தால், காரணம் சொல்வதே குற்றம் என்று படித்துவிடலாம். நடுவில் அந்த ‘ரிக்வயர்ட்’ நின்று, நீக்கப்படுவது கட்டாயம்தான், செயல் அல்ல என்று காட்டுகிறது.

ஷால் என்றதும் நம்ம கோட்டை ஞாபகம் வருகிறது. 1805 நவம்பரில் மதராஸ் படைக்கு வந்த புது உடை விதியில், சிப்பாய் சீருடையில் இருக்கும்போது முகத்தில் சாதிக்குறி இட்டுக்கொள்ளக் கூடாது, காதணி போடக் கூடாது, தாடையை மழித்திருக்க வேண்டும் என்று இருந்தது. எல்லாம் ‘ஷால்’, ‘ஷால் நாட்’. தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகையும் சேர்ந்துகொண்டது. 1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஷால் என்பது ஆணையிடுகிறவனின் சொல், வாடிக்கையாளரிடம் பேசுகிறவனின் சொல் அல்ல. ‘ஷால் ஐ கேரி யுவர் பேக்?’ என்று கேள்வியாகக் கேட்கும்போது மட்டும் அது தலைகீழாக மாறி, ‘பையை நான் எடுத்துக்கட்டுமா?’ என்று பணிவாகிவிடும். ‘கட்டுமா’ வரும் இடமெல்லாம் ‘ஷால் ஐ’ போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

இன்னொரு பொறி, ஹேட் பெட்டர். ‘பெட்டர்’ இருப்பதால் இது ஷுடைவிட நயமானது என்று பலர் நினைக்கிறார்கள். ‘யூ ஹேட் பெட்டர் பே டுடே’ என்று சொன்னால், ‘இன்னைக்கே கட்டிடறது நல்லது...’ என்று ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டே வாக்கியத்தை முடிக்காமல் விட்ட மாதிரி. அந்த விட்ட இடத்தில் ‘இல்லேன்னா’ ஒளிந்திருக்கிறது. நண்பனிடம் ‘மழை வருது, கிளம்பிடு’ என்று சொல்ல ஆகும். விருந்தினரிடம் பணம் கேட்க ஆகவே ஆகாது. ஹேட் இருக்கிறதே என்று இறந்தகாலமாக நினைத்துவிடாதீர்கள், அது இப்போதைக்கும் இனிமேலுக்கும்தான்.

அனுமதிக்கு வருவோம். ‘வேண்டும்’ எப்படி மூன்று ஆளின் வேலையைப் பார்க்கிறதோ, அதைவிட மோசம் நம்முடைய ‘லாம்’. ‘நான் போகலாமா?’ அனுமதி. ‘நாம போகலாமா?’ அழைப்பு. ‘மழை வரலாம்’ ஊகம். ‘ஒரு டாக்டரைப் பார்க்கலாமே’ யோசனை. ஒரே ஒட்டு, நான்கு சோலி. ஆங்கிலத்தில் வரிசையாக: ‘கேன் ஐ கோ’ அல்லது ‘மே ஐ கோ’, ‘ஷால் வீ கோ’, ‘இட் மே ரெய்ன்’, ‘யூ குட் சீ எ டாக்டர்’.

அந்தக் கடைசி ‘லாமே’ ஒரு புதையல் தம்பி, தவறவிடாதீர்கள். வயதில் பெரியவர்களுக்கு ஷுட் போட்டு யோசனை சொல்லவே கூச்சமாக இருக்கும், ஏனென்றால் அறிவுரை சொல்லவும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அங்கே குட் கைகொடுக்கும். ‘யூ குட் டேக் அன் ஆட்டோ ஃப்ரம் காட்பாடி’: காட்பாடியிலிருந்து ஆட்டோ எடுத்துக்கலாமே. வழியைக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் இறங்கிப் போக நினைத்தால் ‘யூ மைட் வான்ட் டு’ என்று ஆரம்பிக்கலாம். ‘ஐ திங்க்’ என்று முன்னால் சேர்த்தாலே ஷுடின் கூர் பாதி மழுங்கிவிடும்.

கேன், குட், மே மூன்றில் எது மரியாதை என்று கேட்டீர்கள். நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே வகுப்பு வாசலில் நின்று ‘மே ஐ கமின் மிஸ்’ என்று பாடுகிறார்கள். அதனால் மே மட்டும்தான் மரியாதை, கேன் போட்டால் அடி விழும் என்று ஒரு பயம் மனதில் ஊறிக் கிடக்கிறது. கேன் என்றால் திறமை மட்டும், அனுமதிக்கு மே என்று நானும் ஒரு காலத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ‘கேன் ஐ கோ டு டாய்லெட்’ என்ற பிள்ளையிடம், ‘உன்னால் போக முடியுமா என்று எனக்கெப்படித் தெரியும்’ என்று கேட்டிருக்கிறேன். பாவம் அந்தப் பிள்ளை. இன்றைய ஆங்கிலத்தில் அனுமதி கேட்கவும் கொடுக்கவும் கேன் முழுக்கச் சரியானது. கேட்கும்போது கொஞ்சம் பணிவு வேண்டுமென்றால் குட். மே இன்னும் சட்டை பித்தானைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி.

ஆனால் கேட்பதும் கொடுப்பதும் ஒரே தராசல்ல, இதுதான் கவனிக்க வேண்டியது. ‘குட் ஐ லீவ் மை பேக் ஹியர்?’ என்று விருந்தினர் கேட்கிறார். ‘யெஸ், யூ குட்’ என்று பதில் சொல்லக் கூடாது. குட் என்பது கேட்பவரின் தயக்கம். கொடுப்பவருக்கு என்ன தயக்கம்? ‘யெஸ், யூ கேன்’ என்று திறந்த மனதாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ‘ஷ்யூர்’ என்றே சொல்லிவிடுங்கள். அதேபோல மே கேட்கும்போது பணிவு, கொடுக்கும்போது அதிகாரம். ‘மே ஐ சிட் ஹியர்?’ அழகு. ‘யூ மே சிட்’ என்று நீங்கள் சொன்னால் சிம்மாசனத்திலிருந்து ஒலிக்கும். ‘யூ மே கோ நவ்’ இன்னும் மோசம். தமிழில் ‘நீங்க போகலாம்’ என்று நேர்காணல் முடிந்ததும் சொல்வார்களே, அந்த வறட்சி. விருந்தினரை அனுப்பும்போது அது வாயில் வரவே கூடாது.

மே எவ்வளவு வழுக்கும் சொல் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. 1965 ஜனவரி 26-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட ‘மே’ என்று அதில் எழுதினார்கள். மாநிலங்களவையில் இருந்த அண்ணா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தொடரலாம் என்றால் தொடராமலும் விடலாம் அல்லவா? நேரு, இந்த இடத்தில் மேவுக்கும் ஷாலுக்கும் ஒரே பொருள்தான் என்றார். அப்படியானால் ஷால் என்றே எழுதிவிடுங்களேன் என்று அண்ணா கேட்டார். எழுதவில்லை. 1965-இல் மாநிலம் கொதித்தெழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் அந்த ‘லாம்’ தந்த அவநம்பிக்கையும் அதில் ஒன்று. பிறகு 1967 இறுதியில் நிறைவேறிய திருத்தத்தில், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் ‘ஷால் பி யூஸ்ட்’ என்று வந்தது. ‘மே, ஷால் எல்லாம் ஒண்ணுதான் மிஸ்’ என்று வகுப்பில் யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் எடுப்பேன். பின் வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

நடந்து முடிந்ததைப் பேசும்போது என்ன செய்வது? மஸ்டுக்கு இறந்தகாலம் இல்லை. ‘நேற்று ராத்திரி காத்திருக்க வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஐ ஹேட் டு வெயிட்’தான். ‘ஐ மஸ்ட் ஹேவ் வெயிட்டட்’ என்று போட்டால் அர்த்தமே மாறி, காத்திருந்திருப்பேன் போலிருக்கிறது என்று ஆகிவிடும், நினைவு தப்பியவர் பேசுவது மாதிரி. ஷுட் ஹேவ் என்பது நம்முடைய ‘இருக்கணும்’. ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ’ என்றால் சொல்லியிருக்கணும், ஏன் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டுகிறீர்கள். ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’ என்பது சொல்லியிருக்கலாமே. இதிலும் வருத்தம் இருக்கிறது, ஆனால் விரல் நீட்டுவது குறைவு. இந்த இடத்தில் இரண்டு மொழியும் ஆச்சரியமாக ஒத்துப்போகின்றன, தமிழிலேயே யோசித்துவிட்டு மாற்றினால் தப்பு வராது.

அனுமதியின் இறந்தகாலத்தில் ஒரு சின்ன முடிச்சு. முன்பெல்லாம் எப்போது வேண்டுமானாலும் வார்டுக்குள் போகலாம் என்று பொதுவாகச் சொன்னால் ‘வீ குட் கோ இன்’. நேற்று ஒரு தடவை காவலாளி உள்ளே விட்டார் என்றால் குட் பொருந்தாது, ‘வீ வேர் அலவ்ட் டு கோ இன்’ என்றுதான் சொல்ல வேண்டும். விடவில்லை என்றால் ‘வீ குட் நாட் கோ இன்’ என்று சொல்லலாம், எதிர்மறைக்கு இந்தத் தடை கிடையாது.

உங்கள் வேலைக்கு இன்னொன்று பயன்படும்: சப்போஸ்ட் டு. விதி இருக்கிறது, ஆனால் எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அந்த மாதிரி இடத்துக்கு. மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்குச் சமையல் வசதியோடு அறை கொடுக்கும் லாட்ஜ்கள் வேலூரில் உண்டு. உங்களுடையது அப்படி இல்லை, ஆனால் இரண்டாவது மாடியிலிருந்து மீன் குழம்பு வாசனை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘யூ மஸ்ட் நாட் குக் ஹியர்’ என்று கதவைத் தட்டினால் அடுத்த சண்டை தயார். ‘ஐ ஆம் ஸாரி, கெஸ்ட்ஸ் ஆர் நாட் சப்போஸ்ட் டு குக் இன் தி ரூம்ஸ்’ என்றால் உங்களைத் தனியாகச் சொல்லவில்லை, பொது விதியைச் சொன்னேன் என்று ஆகும். அப்புறம் ‘யூ கேன் கெட் பெங்காலி ஃபுட் நியர் பை’ என்று ஒரு ‘லாம்’ சேர்த்துக் கொடுத்தீர்கள் என்றால் அவர் அடுப்பை அணைத்துவிட்டு விலாசம் கேட்பார்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்கள் முதல் செய்திக்கு வருகிறேன். அறையைப் பத்து மணிக்குக் காலி செய்வது யாருடைய ‘வேண்டும்’? உங்களுடையதல்ல, லாட்ஜின் நேரக் கணக்கு. ஆகவே மஸ்ட் போயிற்று. அவருடைய நன்மைக்கும் இல்லை, அதனால் ஷுடும் வேண்டாம். ‘யூ ஷுட் வெகேட்’ என்றால் காலி செய்தால் உங்களுக்கு நல்லது என்று மிரட்டல் மாதிரியே இருக்கும். மிச்சம் ஹேவ் டு. அதிலும் ‘யூ வில் ஹேவ் டு’ என்று எதிர்காலத்தில் தள்ளிச் சொன்னால் இன்னும் சற்று இளகும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த இடத்தில் எந்தத் துணைவினையும் இல்லாமல் எழுதுவதுதான் உத்தமம். நேரத்தையே எழுவாயாக்கிவிடுங்கள்: ‘செக்அவுட் டைம் இஸ் 10 ஏ.எம்.’ யாரும் யாரையும் ஏவவில்லை, கடிகாரம் பேசுகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘குட் ஈவ்னிங் சார். ஜஸ்ட் எ ரிமைண்டர் தட் செக்அவுட் இஸ் அட் 10 டுமாரோ. இஃப் யூ நீட் மோர் டைம், ப்ளீஸ் லெட் அஸ் நோ டுநைட். யூ கேன் லீவ் யுவர் பேக்ஸ் அட் தி ரிசப்ஷன் டில் யுவர் ட்ரெய்ன்.’ கடைசி வாக்கியத்தில் இருக்கும் கேனைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எக்ஸ்ரே உறை, மருந்துப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலுக்காகக் காட்பாடி ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார வேண்டியவர் அவர். பை வைக்க இடம் உண்டு என்றால் பத்து மணி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் முதலாளி பை வைக்க ஒத்துக்கொள்வாரா என்பதை மட்டும் அனுப்புவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது குட் போடுங்கள்.